தாத்தாவின் மாண்டலினில் டிரில் வேண்டாம்... துளை போடாமலே மேடையில் கேட்கவைக்கலாம்!

பரணில் இருந்து இறக்கிய பழைய மாண்டலின் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? அல்லது ஆசை ஆசையாக இப்போதுதான் வாங்கி, நாலு பாட்டு வாசிக்கப் பழகியிருக்கிறீர்களா? ஹாலில் உட்கார்ந்து வாசிக்கும்வரை ஒரு பிரச்னையும் இல்லை. சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன், சர்ச் கொயர், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு மேடை ஏறும்போதுதான் சிக்கலே. இந்தப் பக்கம் கீபோர்டு, அந்தப் பக்கம் ரிதம் பேடு, பின்னாடி டிரம்ஸ். நடுவில் நீங்கள் விரல் வலிக்க வலிக்க வாசிப்பது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது.

உடனே யாராவது ஒருத்தர் யோசனை சொல்வார். "கடையில கொடுங்க, பிக்கப் வெச்சு ஜாக் அடிச்சுக் கொடுத்துடுவாங்க, அரை மணி நேர வேலை!" உண்மைதான், அரை மணி நேர வேலைதான். ஆனால், திரும்பி வராத வேலை.

ஜாக் வைக்க வேண்டுமென்றால் மாண்டலினின் அடிப்பக்கம் சுமார் 12 மில்லிமீட்டருக்கு, அதாவது கிட்டத்தட்ட அரை இன்ச்சுக்கு, ஒரு துளை போட வேண்டும். வால்யூம் நாப் கேட்டால் பக்கவாட்டுப் பலகையில் இன்னொரு துளை. காந்த பிக்கப்பை உள்ளே பதிப்பதென்றால் மேல் பலகையையே வெட்ட வேண்டும். அந்த மேல் பலகைதான் மாண்டலினின் குரல். சில மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கப்பட்ட அந்த மரம் அதிர்வதால்தான் சத்தமே வருகிறது. அதில் வெட்டு விழுந்தால் மைக் இல்லாமல் வாசிக்கும்போது கேட்ட பழைய நாதம் அப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. பழைய கருவி என்றால் விற்பனை மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

துளை போடுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. தொழிற்சாலையிலேயே ஜாக் வைத்து வரும் மாண்டலின்கள் இருக்கின்றன. வாரா வாரம் மேடை ஏறுகிறவர் அப்படி ஒன்றை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால், தாத்தா விட்டுப்போனது, நண்பரிடம் இரவல் வாங்கியது, நல்ல கைவினைஞர் செய்தது... இதிலெல்லாம் டிரில்லர் படுவதற்கு முன்னால், கழற்றி எடுத்தால் தடயமே தெரியாத வழிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். நிறையவே இருக்கின்றன.

இந்தக் கருவியின் குணம் தெரியணும்

மாண்டலினில் 8 கம்பிகள், 4 ஜோடிகள். சுருதி வயலின் மாதிரியேதான். தடித்த 'ஜி' கம்பி 196 ஹெர்ட்ஸ், மெல்லிய 'இ' கம்பி சுமார் 659 ஹெர்ட்ஸ். இந்த 196 என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மாண்டலினில் அதற்குக் கீழே சுரமே கிடையாது. பின்னாடி ஃபீட்பேக்கை அடக்கும்போது இந்த எண் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம், பிரிட்ஜ். கிட்டாரில் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். மாண்டலினில் அப்படி இல்லை. 8 கம்பிகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. அந்தக் கம்பிகள் அழுத்துவதால்தான் பிரிட்ஜ் அங்கே உட்கார்ந்திருக்கிறது. பசை, ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. கம்பிகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். துளை போடாத வழிகளில் பாதிக்கு இந்த ஒட்டாத பிரிட்ஜ்தான் காரணம்.

'அப்போ மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எப்படி வாசிச்சார்?' என்று கேட்பீர்கள். யூ.ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது வேறு கருவி. ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு 5 ஒற்றைக் கம்பிகளோடு, திடமான உடல் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் அவர் கர்னாடக இசையை வாசித்தார். கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும், இழுத்த சுரம் நீண்டு நிற்க வேண்டும். வெற்று மாண்டலினில் தட்டிய சுரம் சட்டென்று அடங்கிவிடும். அதனால் அவருக்குத் தேவையான கருவியையே அவர் அமைத்துக்கொண்டார். உங்கள் ஆசை அந்த வாசிப்பு என்றால், கையில் இருக்கும் பழைய மாண்டலினை அறுத்து அதுவாக மாற்ற முயலாதீர்கள். எலெக்ட்ரிக் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

அதே சமயம், அமெரிக்காவின் புளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவைப் பாருங்கள். அவருடைய மாண்டலின் கிப்சன் நிறுவனத்தின் எஃப்-5. லாயிட் லோர் கையெழுத்திட்டு 1923-ல் வெளிவந்தது. 1940-களில் மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையின் ஜன்னலில் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார் என்பது அந்த உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெற்று மாண்டலினை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றுதான் அவர் பெரிய பெரிய அரங்குகளில் வாசித்தார். 1985-ல் யாரோ வீடு புகுந்து அந்த மாண்டலினைச் சுக்குநூறாக உடைத்துவிட்டுப் போனார்கள். கிப்சன் நிறுவனத்தின் கைவினைஞர் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டி அதை மீட்டார். இன்று அதே வகை லோர் மாண்டலின்கள் லட்சம் டாலருக்கு மேல் விலை போகின்றன. அவற்றில் ஒன்றில் ஜாக் துளை இருந்தால் வாங்குகிறவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்!

மைக் முன்னால் நிற்கக் கத்துக்கோங்க

கருவியைத் தொடவே தொடாத வழி இது. காசும் குறைவு. சத்தமும், என்னைக் கேட்டால், இதில் வருவதுதான் உண்மையான மாண்டலின் சத்தம். ஆனால், ஏனோ பலரும் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள்.

விலை உயர்ந்த மைக் வேண்டும் என்று அவசியமில்லை. பாடுவதற்குக் கொடுக்கும் சாதாரண டைனமிக் மைக்கே ஆரம்பத்துக்குப் போதும். வாத்தியங்களுக்கென்றே உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஷூர் எஸ்.எம்.57 இருந்தால் இன்னும் நல்லது. கீழே போட்டாலும் உடையாத ரகம். கண்டென்சர் மைக் என்றால் கம்பியின் மினுமினுப்பு வரை பிடிக்கும். ஆனால், அதற்கு மிக்ஸரில் இருந்து 48 வோல்ட் ஃபான்டம் பவர் தர வேண்டும்; பக்கத்தில் இருக்கும் டிரம்ஸையும் சேர்த்து அழகாகப் பிடித்துவிடும். சத்தமான மேடைக்கு டைனமிக், அமைதியான ஹாலுக்குக் கண்டென்சர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த மைக் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். நிறைய பேர் மைக்கை நேராக ஓட்டைக்கு எதிரே வைப்பார்கள். 'சத்தம் அங்கேயிருந்துதானே வருது?' என்ற கணக்கு. அங்கே வைத்தால் பானைக்குள் பேசுவது மாதிரி 'டொம் டொம்' என்று கேட்கும், ஃபீட்பேக்கும் சீக்கிரம் வரும். பிக் தட்டும் இடத்துக்கு நேராக வைத்தால் 'டிக் டிக்' என்று நகம் தட்டும் ஓசைதான் முன்னால் நிற்கும். கழுத்தும் உடலும் சேருகிற இடத்தைப் பார்த்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், லேசாகச் சாய்த்து வையுங்கள். அங்கிருந்து இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு மாண்டலினுக்கும் ஓர் இடம் இருக்கும். வீட்டிலேயே மொபைலில் ரெக்கார்டு செய்து, போனை நகர்த்தி நகர்த்தி அந்த இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். மேடையில் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

தூரம்தான் இதில் பெரிய எதிரி. 15 சென்டிமீட்டரில் இருந்தவர் பாட்டின் சுவாரஸ்யத்தில் 30 சென்டிமீட்டருக்கு நகர்ந்துவிட்டால், மைக்குக்குப் போகும் நேரடிச் சத்தம் 6 டெசிபல் குறையும். மிக்ஸரில் இருப்பவர் அதை ஈடுகட்ட ஃபேடரைத் தூக்குவார். 'கூ...'னு ஊளை. எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க முடிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஆடிக்கொண்டே வாசிக்கும் ஆள் என்றால், இந்த வழி உங்களுக்கு இல்லை. அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

மானிட்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலான மேடை மைக்குகள் கார்டியாய்டு வகை. முன்னால் வருவதைக் கேட்கும், நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கும். எனவே மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு வகையாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அதற்கு நேர் பின்னால் சற்றுக் காது உண்டு; மானிட்டர் பின்பக்கமாகக் கொஞ்சம் ஓரத்தில் இருந்தால்தான் நல்லது.

புளூகிராஸ் குழுக்களில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. மேடை நடுவில் ஒரே ஒரு மைக். பாடுபவர், பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின் எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் முன்னால் வருவார், முடிந்ததும் பின்வாங்குவார். மிக்ஸிங்கைக் கால்களே பார்த்துக்கொள்ளும்! டெல் மெக்கூரி குழு இப்படி வாசிப்பதை யூடியூபில் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகாக இருக்கும். இதில் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், ஃபீட்பேக் வராமல் கூட்டக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். எனவே உங்கள் குழுவில் யாரும் பயன்படுத்தாத மைக் திறந்தே கிடந்தால், அதை அணைத்து வைப்பதும் உங்கள் மாண்டலினுக்குச் செய்யும் உதவிதான்.

கூடவே நகரும் மைக்

நின்று, நடந்து வாசிக்கிறவர்களுக்குக் கருவியிலேயே கவ்விக்கொள்ளும் குட்டி மைக்குகள் இருக்கின்றன. டி.பி.ஏ. நிறுவனத்தின் 4099 இதில் பெயர் பெற்றது. விலையைப் பார்த்தால் உங்கள் மாண்டலினைவிட அதிகமாக இருக்கலாம், அதிர்ச்சி அடையாதீர்கள். ஆடியோ-டெக்னிகாவின் புரோ 35 போன்ற, அதைவிடக் கைக்கு அடக்கமானவையும் உண்டு. நீங்கள் நகர்ந்தாலும் மைக்குக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் மாறாது என்பதுதான் இதன் லாபம். இவையும் கண்டென்சர் என்பதால் ஃபான்டம் பவர் தேவை. வயர்லெஸ்ஸில் போடுவதென்றால் அந்தந்த டிரான்ஸ்மிட்டருக்கு ஏற்ற இணைப்பு வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவ்வும் இடத்தில் கவனம் தேவை. கிளிப்பில் வெற்று உலோகமோ, கெட்டி பிளாஸ்டிக்கோ மரத்தில் நேரடியாகப் படக் கூடாது. நடுவில் மெல்லிய கார்க் அல்லது பருத்தித் துணி வையுங்கள். இறுக்கமாகப் பிடிப்பது முக்கியமில்லை, நழுவாமல் இருந்தால் போதும். அடிப்பக்கம் பானைபோல் உருண்டிருக்கும் நேப்பிள்ஸ் பாணி மாண்டலின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த வளைவில் சாதாரண கிளிப் நிற்காது. மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்து ஒட்டிய உடல் அது. அதில் எதையும் கவ்வவிட வேண்டாம், ஸ்டாண்டு மைக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டி எடுக்கும் பிக்கப்... பசைதான் வில்லன்!

கர்னாடகக் கச்சேரிகளில் வயலினிலும் வீணையிலும் சின்னதாக ஒன்றை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர்ல 'கான்டாக்ட் மைக்' என்பார்கள். உள்ளே இருப்பது பீசோ. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பொருள். காற்றில் வரும் சத்தத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, மரத்தின் அதிர்வைத்தான் கேட்கும். அதனால் பக்கத்தில் டிரம்ஸ் இருந்தாலும் உங்கள் மாண்டலின் மட்டும் தனியாகக் கேட்கும். எல்.ஆர்.பேக்ஸ், கே அண்ட் கே, ஷெர்ட்லர் போன்ற நிறுவனங்கள் மாண்டலினுக்கென்றே இந்த வகையில் பிக்கப் தருகின்றன. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: 'இது வெளியே ஒட்டுவதா, உள்ளே ஒட்டுவதா?' உள்ளே ஒட்டும் வகைக்கு சூப்பர் க்ளூவும் ஜாக் துளையும் தேவைப்படலாம். நமக்கு வேண்டியது வெளியே, மெழுகு மாதிரியான பசை உருண்டையில் ஒட்டி எடுப்பது.

கைவேலையில் ஆர்வமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் 27 மில்லிமீட்டர் பீசோ தட்டு கேளுங்கள். பஸ்ஸருக்கு விற்பதுதான், டீக்காசுக்குக் கிடைக்கும். அதில் ஷீல்டு ஒயரைப் பற்றவைத்து, தட்டை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டால் கான்டாக்ட் மைக் ரெடி. வெள்ளைப் பகுதி செராமிக். சோல்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வைத்தால் வெடித்துவிடும். ஷீல்டு இல்லாத சாதா ஒயர் போட்டால் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்...' கூடவே பாடும். வீட்டில் பரிசோதித்துப் பார்க்க இது அருமையான ஆரம்பம். ரிசப்ஷன் மேடைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கே ஒட்டுவது? பிரிட்ஜின் காலுக்குப் பக்கத்தில், ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொடங்குங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு மாதிரி, தடித்த கம்பிப் பக்கம் இன்னொரு மாதிரி கேட்கும். ஒரே சென்டிமீட்டரில் சத்தம் அடையாளம் தெரியாமல் மாறுவதுதான் பீசோவின் விளையாட்டு. ஒயரின் எடை பிக்கப்பை இழுக்காமல் இருக்க, அதை ஸ்ட்ராப்பில் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

இப்போது பசை. ஸ்டேஷனரி கடையில் போஸ்டர் ஒட்ட விற்கும் பசை உருண்டை, இருபக்க டேப், ஃபெவிக்விக்... எல்லாவற்றையும் ஒட்டுகிறார்கள். ஃபெவிக்விக் பற்றிப் பேசவே வேண்டாம். இருபக்க டேப்பை உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து உரிந்து வரும். பழைய கருவிகளில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அல்லது அரக்கு, வார்னிஷ் பூச்சு இருக்கும். சில ரப்பர், வினைல், பசைப் பொருள்களில் இருக்கும் ரசாயனம் இந்த நைட்ரோ லாக்கரோடு சேர்ந்து அதை இளக்கிவிடும். ஒட்டிய இடம் கொழகொழவென்று ஆகி, வட்டமாகத் தழும்பு விழும். நம்ம ஊர் மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். எனவே பிக்கப்போடு தரும் பசையாக இருந்தாலும், முதலில் டெயில்பீஸ் மறைவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பட்டாணி அளவு ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். 'அடுத்த வாரமும் இருக்கே, அப்படியே இருக்கட்டும்' என்ற சோம்பல்தான் தழும்புக்கு முதல் காரணம்.

'தகரச் சத்தம் வருதே?'

கான்டாக்ட் மைக் ஒட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் தவறு பிக்கப்பில் இல்லை. ஒயரை நேராக மிக்ஸரில் சொருகியதுதான் காரணம். பீசோ பிக்கப்புக்குப் பின்னால் இருக்கும் கருவி மிக உயர்ந்த மின்தடையோடு அதை வரவேற்க வேண்டும், குறைந்தது 1 மெகா ஓம். மிக்ஸரின் லைன் இன்புட் பொதுவாகச் சுமார் 10 கிலோ ஓம்தான். அதில் சொருகினால் கீழ்ச்சுரங்கள் எல்லாம் வடிந்துபோய், மேலே இருக்கும் கீச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரு ப்ரீ-ஆம்ப், அல்லது அகௌஸ்டிக் வாத்தியங்களுக்கான டி.ஐ. பாக்ஸ் போட வேண்டும். எல்.ஆர்.பேக்ஸின் பாரா டி.ஐ. 10 மெகா ஓம் இன்புட் கொண்டது, ஃபீட்பேக் அடிக்கும் அலைவரிசையை மட்டும் குறைக்கும் நாப்பும் அதிலேயே இருக்கிறது. எந்த பாக்ஸ் வாங்கினாலும் பெட்டியில் 'இன்புட் இம்பீடன்ஸ்' எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பிக்கப்பில் இருந்து அந்த பாக்ஸ் வரையிலான ஒயர் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பிக்கப்புக்குக் கொஞ்சம் அதிகமாகச் செலவழிப்பதைவிட இந்த பாக்ஸுக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து.

பிரிட்ஜையே மாற்றலாம்

ஒட்டாத பிரிட்ஜின் அருமை இங்கேதான் தெரியும். பிக்கப் உள்ளேயே பதிக்கப்பட்ட பிரிட்ஜ்கள் கிடைக்கின்றன, ஃபிஷ்மேன் எம்-100 அந்த வகை. பழைய பிரிட்ஜை எடுத்து பத்திரமாக வைத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாம். ஜாக்குக்குத் துளை தேவையில்லை. வயலினில் தாடை வைக்கும் பகுதியை விளிம்பில் மாட்டுவார்களே, அதே மாதிரி இரண்டு திருகுகளால் விளிம்பைக் கவ்வும் ஜாக் வருகிறது. என்றாவது விற்க நினைத்தால் பழைய பிரிட்ஜை மாட்டிவிட்டால் கருவி பிறந்த நிலைக்கு வந்துவிடும்.

ஆனால், பிரிட்ஜின் கால்கள் மேல் பலகையின் வளைவோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் சத்தமும் போகும், மரத்திலும் அழுத்தம் ஓர் இடத்தில் குவியும். பலகையின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே பார்க்க வைத்து, அதன் மேல் பிரிட்ஜை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பொருத்துவார்கள். தேய வேண்டியது பிரிட்ஜ்தான், பலகை அல்ல! கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது, 'துளை எதுவும் போடக் கூடாது' என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதி கேஸுக்குள் வையுங்கள். கடையில் வாங்கி வைப்பவர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவர்.

நீங்களே செய்வதென்றால், எல்லாக் கம்பிகளையும் தளர்த்துவதற்கு முன் பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிது போட்ட பிறகு 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம்.

காந்த பிக்கப்பையும் துளையில்லாமல் ஃபிங்கர்போர்டின் நுனியிலோ, பிக்கார்டிலோ தொங்கவிடலாம். ஃபீட்பேக் குறைவு. ஆனால் அது இரும்பின் அசைவைத்தான் கேட்கும். தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் வெண்கலம் அதற்குத் தெரியாது. நிக்கல் சுற்றிய கம்பிகளுக்கு மாற வேண்டும், சத்தமும் எலெக்ட்ரிக் கிட்டார் பக்கம் சாயும். அந்தச் சத்தம் பிடித்தவர்களுக்கு மட்டும்.

ஊளையை அடக்குவது எப்படி?

ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் உங்கள் மாண்டலினின் மேல் பலகையை ஆட்டுகிறது. அதைப் பிக்கப்போ மைக்கோ மறுபடி கேட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இந்தச் சுழற்சிதான் ஃபீட்பேக். எனவே முதல் மருந்து, மெயின் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் நிற்பது. மேடையை ஒட்டிய பாக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு எந்த நாபைத் திருகியும் பயனில்லை.

இரண்டாவது, அந்த 196. மாண்டலினின் கடைசிச் சுரம் அதுதான் என்பதால், மிக்ஸரில் லோ-கட் ஸ்விட்ச் இருந்தால் தயங்காமல் போடுங்கள். 120, 150 ஹெர்ட்ஸ் வரை வெட்டினாலும் உங்கள் இசையில் ஒரு சுரமும் குறையாது. மேடை அதிர்வும், கை உரசலும், பக்கத்து பேஸ் கிட்டாரும் குறையும். அடுத்து, வால்யூமை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், எங்கே முதலில் 'ஊ' என்று ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கருவிக்குள் இருக்கும் காற்றே அதிரும் இடம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அந்த இடத்தை மட்டும் குறுகலாக 3 முதல் 6 டெசிபல் குறைத்தால் போதும். எல்லா நாபையும் குறைத்தால் மாண்டலின் மாண்டலினாக இருக்காது.

டி.ஐ. பாக்ஸில் 'பேஸ்' மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சில மேடைகளில் அது ஒன்றே மாயம் செய்யும். எஃப் துளைகளில் மெல்லிய பருத்தித் துணியை லேசாகச் சொருகுவதும் பழைய வித்தைதான். நுனி வெளியே தெரியட்டும், உள்ளே விழுந்தால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் இருக்கும் கம்பித் துண்டுகளை யாரும் வாசிப்பதில்லை, ஆனால் அவையும் கூடவே 'கிங்...' என்று ஒலிக்கும். வீட்டில் காதில் விழாது, பிக்கப் போட்டதும் விழும். ஒரு மெல்லிய தோல் பட்டையை அந்தக் கம்பிகளுக்கு நடுவே மேலும் கீழுமாகக் கோத்துவிடுங்கள். சத்தம் சுத்தமாகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை!

மைக் செட் அண்ணனிடம் என்ன சொல்வது?

'மாண்டலினா? அப்படின்னா?' என்று கேட்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் உண்டு. கோபப்படாதீர்கள், அவருக்கு அன்றைக்கு 12 சேனல் தலைவலி. சவுண்ட் செக் நேரத்துக்கு முன்னாலேயே போய், "அண்ணே, இது பீசோ பிக்கப், டி.ஐ. நான் கொண்டு வந்திருக்கேன், லோ-கட் மட்டும் போட்டுடுங்க" என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். ஜாக்கைச் சொருகும்போதும் பிடுங்கும்போதும் சேனலை மியூட் பண்ணச் சொல்ல மறக்காதீர்கள், 'டமார்' சத்தத்தில் யாருக்கும் உங்கள் மேல் பிரியம் வராது. சவுண்ட் செக்கில் மெதுவாக வாசித்துவிட்டு, நிகழ்ச்சியில் வெளுத்து வாங்காதீர்கள். உங்கள் அதிகபட்ச சத்தம் எதுவோ அதையே அப்போது வாசித்துக் காட்டுங்கள்.

சின்ன வீட்டு விசேஷத்துக்கு டிராலி ஸ்பீக்கர்தான் இருக்கிறதா? அதன் மைக் இன்புட்டில் ஃபான்டம் பவர் இருக்காது, டைனமிக் மைக் போடுங்கள். ப்ளூடூத்தில் இணைக்க முயல வேண்டாம். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் நூறு மில்லி செகண்டுக்கு மேல்கூட இடைவெளி விழும். உங்கள் தாளமே உங்களைக் குழப்பிவிடும்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் பந்திக்குப் போகும்போது நீங்கள் ஐந்து நிமிடம் கருவியோடு இருங்கள். பசையைப் பிடித்து இழுக்காமல், விரல் சூட்டில் இளக்கி, உருட்டி உருட்டி எடுங்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் அதே பசை உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம்; அதில் இருக்கும் அசிட்டோன் லாக்கரைக் கரைத்துவிடும். கையில் இருக்கிறதே என்று சானிடைசரால் துடைக்கவும் கூடாது, அரக்குப் பூச்சு ஆல்கஹாலில் கரையும். உலர்ந்த மென்மையான பருத்தித் துணி போதும். விளிம்பில் மாட்டிய ஜாக்கையும் கிளிப்பையும் கழற்றி, அந்த இடத்தில் வியர்வை ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுக் கேஸை மூடுங்கள்.